பர்ஸோ என்னும் காலப்பெயர்

மோட்டார் வண்டிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பணிக்காலம் முழுவதும் போலாரத்தில் மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்று தமிழிலக்கணம் கற்பித்தவன் நான். ஆயினும் வெங்கட்டின் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து எழுந்த ஒலி என் காதுக்கும் எட்டியது. டிக்டிக், டிக்டிக் என்று அது இரட்டையாகவே ஒலித்தது. இரட்டைக்கிளவிக்கு அவ்வளவு நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில்கூடக் காட்டியதில்லை.

வெங்கட் எங்கள் மாடியில் குடியிருந்தவர். மாதாப்பூரில் மென்பொருள் வேலை. மதுரையிலிருந்து வந்து ஓராண்டு ஆகவில்லை. நல்ல பிள்ளை. எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்திற்குச் செயலரானதும், ஞாயிறுதோறும் நான் நடத்திவந்த தமிழ் வகுப்பை நிறுத்தினார்.

"சார், பசங்க ஹிந்திலயும் தெலுங்குலயும்தான் பதில் சொல்லுதுங்க. போன்ல ஆப் இருக்கு சார், எந்தப் பாஷையையும் ஒரு செகண்ட்ல மாத்திக் குடுத்துரும்," என்று கூட்டத்தில் சொன்னார்.

எல்லாரும் கைதட்டினர், நானும் தட்டினேன். அதனால் எனக்கு வருத்தமேதும் இல்லை. அவர் அனுப்பிய அறிவிப்பில் 'தமிழ்ச் சங்கம்' என்பதில் சகர ஒற்று விடுபட்டிருந்தது. அதனாலும் இல்லை.

கார் கைக்கு வந்த மறுநாட்காலை அவர் கீழே இறங்கி வந்தார். "மெக்கானிக் பேசுறது ஆப்புக்கே புரியல சார். அவரு என்னமோ சொல்றாரு, இது 'மாமியார் எண்ணெய்'னு காட்டுது. கொஞ்சம் கூட வாங்க சார். மத்தியானம் ரோகிணிய ஏர்போர்ட்ல போய்க் கூப்பிடணும்."

ரோகிணி அவர் மனைவி.

"கைக்கு? உங்க கிளாஸ மூட வச்ச ஆளுக்கு ஆப் இருக்கில்ல, அதக் கூட்டிட்டுப் போகட்டும்," என்றாள் என் மனைவி பேபி. கைக்கு என்றால் இவ்வூர் வழக்கில் 'ஏன்' என்று பொருள். உதவி கேட்டவரை மறுப்பது பண்பன்று என்று அவளுக்கு எடுத்துரைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மெக்கானிக் மஸ்தான் நீண்ட திருப்புளியின் நுனியை ஓடும் இஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார். "உப்பர் கா ஆவாஸ் ஹை சாப். டாப்பெட்." ஒலி இஞ்சினின் மேற்பகுதியிலிருந்து வருகிறது. வால்வுகளை அசைக்கும் டாப்பெட்டுகளுக்கு எண்ணெய் ஏறவில்லை, இரும்பும் இரும்பும் வெறுமனே மோதிக்கொள்கின்றன. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். அதில் ஒட்டியிருந்தது காய்ந்து இறுகிய புளிக்கரைசல் போலிருந்தது. அடித்தொட்டியைக் கழற்றிக் கசடு நீக்கிப் புது எண்ணெய் ஊற்றவேண்டும் என்றார். இவற்றையெல்லாம் கண்டவனும் கேட்டவனும் நான் ஒருவனே. வெங்கட் சற்றுத் தள்ளி நின்று அலுவலகத்தாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்து வந்தவர், "ஆயில் எப்ப மாத்துனதுன்னு கேளுங்க சார்," என்றார்.

பழைய உரிமையாளரான கர்னல் காலத்திலும் வண்டியைப் பார்த்தவர் மஸ்தான்தான். "மைச் பத்லா, பர்ஸோ," என்றார். நானே மாற்றினேன் என்று பொருள். பர்ஸோ என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் வாயில் அது கழிந்துபோன எந்த நாளையும் குறிக்கும். இவ்வூரை நிஜாம் ஆண்டதும் பர்ஸோதான். கர்னல் ஊரைவிட்டுச் சென்றது கொரோனாவுக்கு முன்னர். அன்றுமுதல் வண்டி கொட்டகையில் உறங்கியதை எங்கள் தெருவே அறியும். ஆனால் அகராதிப்படி அச்சொல் நேற்று முன்தினத்தைக் குறிக்கும். நான் அகராதிப்படியே சொன்னேன்.

வெங்கட்டின் முகம் தெளிந்தது. "அப்ப விக்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணித்தான் குடுத்திருக்காங்க. புது ஆயில். ஓட ஓடச் சத்தம் போயிரும் சார்."

மஸ்தான் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "காடி நக்கோ சலாவ். ரஸ்தே மே ஜாம் ஹோ ஜாதா." நக்கோ என்றால் வேண்டாம். வண்டியை ஓட்டவேண்டாம், நடுவழியில் இஞ்சின் இறுகி நின்றுவிடும் என்பது கருத்து.

"ஜாமா? டிராபிக் ஜாமையா சார் சொல்றாரு?"

"ஜாம் என்பது போக்குவரத்து நெரிசலுக்கும் வழங்கும், தம்பி," என்றேன். 'நெரிசலுக்கும்' என்பதில் வந்த உம்மை எச்சவும்மை. வேறொரு பொருளும் உண்டு என்பதை அது உணர்த்தும். என் வகுப்பில் பயின்றவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள்.

"அப்ப அவுட்டர் ரிங் ரோட்டப் புடிச்சுர்றேன். அங்க ஜாமே இருக்காது. நூத்தியிருபதுல போயிரலாம்."

வண்டி நகர்ந்ததும் மஸ்தான் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். "அரே, நக்கோ சலாவ்."

வெங்கட் கண்ணாடியை இறக்கினார். "சலாவ்னா ஓட்டுன்னுதானே சார்?"

"ஆம். ஏவல் வினை."

அவர் மஸ்தானுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "பாய் தங்கமான மனுசன் சார்." அவர் என் காதில் விழச் சொன்ன கடைசி வாக்கியம் அது. அதில் பிழையேதும் இல்லை.

"உன்கோ போலே நா சாப்?" என்று மஸ்தான் மூச்சிரைக்கக் கேட்டார். அவரிடம் சொன்னீர்கள் அல்லவா என்று. "ஹவ்," என்றேன், ஆம் என்று. எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

மற்றவை தங்களுக்குத் தெரியும். இஞ்சின் வேகத்தடத்தில் இறுகி நின்றது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. செய்தி எனக்கு வந்த சிறிது நேரத்தில் ரோகிணி விமான நிலையத்திலிருந்து அழைத்தார். "அவரு போன எடுக்கல சார், கிளம்பிட்டாரா?"

"வழியில் இருக்கிறார், அம்மா," என்றேன். அந்நேரம் உடலை இன்னும் எடுத்திருக்கவில்லை.

தெரிந்தே செய்தீர்களா என்று ஆய்வாளர் புருஷோத்தமன் வினவினார். இஞ்சின் இறுகும் என்று தெரியும். அவர் விரைந்து செல்வார் என்றும் தெரியும். 'நில்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்பதும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. ஆயினும் கொலை என்று குறிப்பது பொருந்தாது. அது தொழிற்பெயர், அதற்குத் தொழில் ஒன்று நிகழவேண்டும். நான் எதையும் செய்யவில்லை. மொழிபெயர்க்க மட்டுமே செய்தேன்.

ஒரு வேண்டுகோள். நீதிமன்றத்திற்காக இதைத் தெலுங்கில் பெயர்ப்பவர் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாகாது. என் உள்ளக்கருத்தை உணர்ந்து, மனச்சாட்சியோடு பெயர்க்கவேண்டும். அவர் கவனக்குறைவால் ஒரு மனிதனின் உயிரே போய்விடக்கூடும்.