முப்பத்தொரு பேரில் அவனை ஏன்?

வெள்ளவத்தையில் பின்னேரக் கடற்காற்று எழும்பினால் மேசையில் தாள் நிற்காது. நான் என் கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைப்பேன். ஜீவராணி தன் கைபேசியை வைப்பார். அதனால் உங்கள் முதல் மின்னஞ்சல் வந்த சத்தத்தை இருவரும் ஒன்றாகத்தான் கேட்டோம்.

பர்ஹா, லண்டனிலிருந்து நீங்கள் அவருக்கு அதன் பிறகு மூன்று முறை எழுதிவிட்டீர்கள். முதல் நாவலுக்கே உங்களைப் போல ஓர் இலக்கிய முகவர் கிடைப்பது இங்கே லொத்தர் விழுந்த மாதிரி. அப்படியிருந்தும் ஜீவராணி ஏன் பதில் போடவில்லை என்று யோசித்திருப்பீர்கள். காரணத்தை நான் சொல்கிறேன். என் பெயர் ஒஸ்வால்ட். முப்பது வருடம் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளனாக இருந்தவன். இப்போது வீட்டிலிருந்து பிறருடைய பிரதிகளைத் திருத்துகிறேன்.

ஜீவராணி காலி வீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் என்னிடம் வருவார். நாவலை ஒன்பது வருடமாக எழுதியிருக்கிறார். பதினெட்டு வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் படையினர் நடத்திய சுற்றிவளைப்பில் அவருடைய தம்பி கிருபாகரனைக் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு வயது. திரும்பி வரவில்லை. அதுதான் கதை. நல்ல எழுத்து. சில பக்கங்களில் நானே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் திருத்தங்கள் கேட்டு எழுதினீர்கள். எல்லாம் பதினோராம் அத்தியாயத்தைப் பற்றியவை. முற்றத்தில் முப்பத்தொரு பேரை வரிசையில் விடுகிறார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டி இருக்கிறான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோகிறார்கள். அந்த ஆள் வெறும் நிழலாக இருக்கிறான், அவனுக்கு உடம்பு வேண்டும் என்றீர்கள். முப்பத்தொரு பேரில் கிருபாகரனை ஏன் காட்டினான் என்றும் கேட்டீர்கள். இதற்குப் பதில் எழுதினால் நாவலை எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். ஜீவராணி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில்தான்.

அந்த அத்தியாயத்தையே வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன்.

“அதை வெட்டினா மிச்சம் என்ன அண்ணை இருக்கு? அவ கேக்கிறது சரிதானே. நான் போய் ஆக்களை விசாரிக்கப்போறன்” என்றார்.

விசாரித்தார். அந்த லொட்ஜில் இருந்தவர்களைத் தேடி ஜிந்துப்பிட்டி, தெமட்டகொடை என்று அலைந்தார். புதிய வரைவை என்னிடம் தந்தார். அதில் தலையாட்டி கறுப்புத் துணி கட்டியிருந்தான். இங்கேதான் நான் தவறிவிட்டேன். பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அது தொழில் பழக்கம். துணியை வெட்டிவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: யூரியாச் சாக்கு. இரண்டு ஓட்டை. வியர்வை பட்டதும் உள்ளே கண் எரியும்.

அடுத்த போயாவன்று அவர் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“சாக்கு எண்டு வெளியில நிண்டவை சொல்லலாம். உள்ளுக்க கண் எரியும் எண்டு ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது?”

“எங்கேயோ வாசிச்சனான்.”

“எங்க?”

“ஞாபகமில்லைப் பிள்ளை.”

அவர் தாள்களை அடுக்கினார். தேநீர் பாதியில் இருந்தது. வழக்கமாக வாசலில் நின்று இன்னும் கால் மணி நேரம் கதைப்பவர், அன்று செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் இறங்கினார். மூன்றாம் நாள் கைபேசியில் ஒரு வரி வந்தது. “அண்ணை, அந்த லொட்ஜில நீங்களும் இருந்தனீங்களோ?”

நான் பயந்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. அறுபது வயதில், நாலு பேர் மதிக்கும் ஒருவன், இதற்கு என்ன பதில் எழுதுவது?

நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது உங்களுக்குத் தேவையில்லை. அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையானவர், எனக்குக் கதிரை தந்தார். நாவலின் பிரதியைக் கொடுத்தேன். அரசுக்கு எதிரானவை என்று பிழையாகப் பொருள் கொள்ளக்கூடிய ஏழு வாக்கியங்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதுவிக்கிறார்கள் என்பதற்கு உங்கள் மின்னஞ்சலையும் இணைத்திருந்தேன். மன்னிக்கவும். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் அவரே எழுதியவை.

ஆளைக் காட்ட வேண்டும் என்றார்கள். மருந்துக் கடைக்கு எதிரே கறுப்புக் கண்ணாடி வாகனத்தில் இருந்தேன். இந்த முறை சாக்கு இல்லை, ஏசி போட்டிருந்தார்கள். ஜீவராணி மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு வீதியைக் கடந்து வந்தார்.

“மே நோனாத?” என்று அதிகாரி கேட்டார். இந்தப் பெண்ணா என்று.

நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அவரைப் பிடித்து இன்றோடு இருபத்திமூன்று நாள். மடிகணினியையும் கொப்பிகளையும் கொண்டுபோய்விட்டார்கள். புதிய வரைவு அலுவலகத்துக்கு வெளியே இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பதினோராம் அத்தியாயத்தை நானே முடித்து இத்துடன் அனுப்புகிறேன். நூலில் அவர் பெயரே இருக்கட்டும். உள்ளே சிறிய எழுத்தில் ‘ஒப்புநோக்கியவர்’ என்று என் பெயரைப் போட்டால் போதும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுற்றிவளைப்புக்கு மூன்று நாள் முன்பு என்னைப் பிடித்தார்கள். மூன்று பேரைக் காட்டினால் நீ போகலாம் என்றார்கள். இரண்டு பேரைக் காட்டிவிட்டேன். அவர்களை எனக்குத் தெரியாது. கிருபா என் பக்கத்து அறைக்காரன். வரிசையில் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனும்தான். ஜீப்பின் கதவு திறந்திருந்தது. அதனால் என் செருப்பு அவன் கண்ணில் பட்டுவிட்டது. அதற்கு முந்தின கிழமை வார் அறுந்தபோது பச்சை நூலால் அதைத் தைத்துத் தந்தவன் அவன். நிமிர்ந்து சாக்கைப் பார்த்தான். முகம் தெளிந்தது. பக்கத்து அறை அண்ணைதானே, இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பான். சிரித்தான்.

நான்தான் என்று தெரிந்துகொண்டவனை அங்கே விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை. தலையாட்டினேன்.

ஜீவராணி வெளியே வந்ததும் இந்த அத்தியாயத்தை அவருக்கு வாசிக்கக் கொடுங்கள். தம்பி கடைசியில் பயப்படவில்லை என்று தெரிந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும்.