மிதக்கும் மேசை

அண்ணி: …இப்பவும் ஆடுது பாரு. நீ போட்ட மேசைதானே இது?

கொழுந்தன்: மேசை மேல பழி போடாதீங்க அண்ணி. நாலு காலும் காத்து மெத்தை மேல மிதக்குது. தெருவுல லாரி போனாக்கூட மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது.

அண்ணி: அப்புறம் ஏன் படம் இப்படிக் கலங்கித் தெரியுது?

கொழுந்தன்: வயர் ஏதாவது விறைப்பா இழுக்குதா?

அண்ணி: காலையிலயே தளர்த்திட்டேன். மாடிப் பட்டறையில லேத் மெஷினை நிறுத்தச் சொல்லி சண்டையும் போட்டாச்சு.

கொழுந்தன்: அவங்க என்ன பாவம் பண்ணாங்க…

அண்ணி: சும்மா இருடா. மதியம் கமிட்டி வருது. படம் தெளிவா வரலைன்னா மைக்ராஸ்கோப்பை வேற கட்டடத்துக்குத் தூக்கிடுவாங்க. என் வேலையும் அதோட போச்சு.

கொழுந்தன்: சரி, சரி… மேசைச் சட்டத்துல அதிர்வை அளக்குற சென்சார் வெச்சிருக்கேன். திரையில அந்தக் கோட்டைப் பாருங்க.

அண்ணி: என்னமா துள்ளுது…

கொழுந்தன்: அலமாரியிலேருந்து அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுங்களேன்.

அண்ணி: வேலை வாங்குறதுல உங்கண்ணனை மிஞ்சிடுவ… இந்தா. என்ன சிரிப்பு?

கொழுந்தன்: கோடு நேராயிடுச்சு.

அண்ணி: என்ன செஞ்ச?

கொழுந்தன்: நான் தொடவே இல்ல. உக்காருங்க.

அண்ணி: ம்… மறுபடி துள்ளுது. எந்திரிச்சா நிக்குது. இரு, இரு… என் காலா?

கொழுந்தன்: சட்டத்து மேல காலை வெச்சு ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. வேகமா வர்ற அதிர்வை இந்த மேசை விழுங்கிடும். இப்படி மெதுவா ஆட்டினா, அதுவும் கூடச் சேர்ந்து ஆடும்.

அண்ணி: மாடிக்காரங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேனே…

கொழுந்தன்: அப்புறமா போய் மன்னிப்பு கேளுங்க. மொதல்ல நாற்காலியில காலை மடக்கி உக்காருங்க. படம் எடுங்க.

அண்ணி: …வந்துடுச்சு. ஒவ்வொரு அணுவும் தனித்தனியாத் தெரியுதுடா.

கொழுந்தன்: அழாதீங்க. கீபோர்டு நனையுது.

அண்ணி: யாரு அழுதா… இங்க பாரு, வேலை போயிடுமோன்னு நான் பயந்தது உங்கண்ணனுக்குத் தெரியக்கூடாது. வீட்டுல சிரிச்ச முகமாத்தான் இருந்தேன். மேசை சர்வீஸுக்குப் போனேன், வந்தேன்னு மட்டும் சொல்லு.

கொழுந்தன்: என்னை அனுப்பினதே அண்ணன்தான். "தூக்கத்துலகூட அவ கால் ஆடுது, கட்டிலே அதிருது. கேட்டா சிரிச்சு மழுப்புறா. மேசையைப் பாக்குற சாக்குல அவளைப் போய்ப் பாருடா"ன்னாரு.