பின்பாரம்

கிட்ட வந்து உட்காருங்கள். ராத்திரியில் சொல்கிறேனே தவிர, இது நடந்தது ராத்திரியில் இல்லை. உச்சி வெயில். மணி பன்னிரண்டு. மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலை. இரண்டு பக்கமும் முந்திரிக்காடு... ஒரு காக்கை கூடக் கத்தாது. நம் இருதயநாதனின் பெரியப்பா அமிர்தசாமிக்கு நடந்தது.

அவர் வரதராஜன்பேட்டைக்காரர். சொந்த வண்டி, ஒரு ஜோடி மாடு. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் வாந்திபேதி வந்தது. தூக்கிப் போக ஆள் இல்லாமல் பிணங்களை வண்டியில் ஏற்றி, காட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டின பெரிய குழிக்குக் கொண்டுபோனார்கள். அமிர்தசாமியும் ஓட்டினார். வாயில் துணி கட்டிக்கொண்டு, பின்னால் பார்க்காமல்.

ஒரு நாள் ஐந்து பேர். கடைசியாக ஏற்றியது மீன்சுருட்டியில் ஒரு நெசவாளி வீட்டில். பாயில் சுருட்டி வாசலில் வைத்திருந்தார்கள். "பழனிவேலு... பழனிவேலு..." என்று அவன் தாய் அழுதுகொண்டிருந்தாள்.

பாதி வழியில், பின்னால், கடைசியாக ஏற்றின பக்கம் வைக்கோல் சரசரத்தது. பிறகு ஒரு காய்ந்த குரல்.

"அண்ணே... தண்ணி."

வண்டிக்கடியில் கலயம் தொங்கியது. முக்கால் கலயம் தண்ணீர். அமிர்தசாமி இறங்கவில்லை. வீட்டில் மனைவி இன்னாசிமேரி, எட்டு மாதக் கைக்குழந்தை. தொட்டால் நமக்கு வரும், நமக்கு வந்தால் குழந்தைக்கும்... மாட்டை விரட்டினார். இன்னும் இரண்டு தரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

குழி வந்தது. ஆட்கள் ஐந்து பாயையும் இறக்கி, சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். ஒருத்தன் பேசினான் என்று அவர் சொல்லவில்லை. மூச்சு நின்றிருந்ததா, இருந்ததா... பார்க்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அதே சாலை, அதே உச்சிப்பொழுது. வெறும் வண்டி. வண்டிக்குப் பின்பாரம் அதிகமானால் என்ன ஆகும், தெரியுமல்லவா? நுகத்தடி மேலே தூக்கும், கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். வெறும் வண்டிக்கு அது வந்தது. மாடுகள் திணறின. ஈரச் சுண்ணாம்பு வாடை. வைக்கோல் சரசரப்பு. குரல் மட்டும் இல்லை... கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு மௌனம்.

வேறு வழியாகச் சுற்றிப் போனார். அங்கேயும் மதியத்தில் நுகம் தூக்கியது.

மூன்று வருஷம். மாதா கோயிலுக்குப் போவார், பாவத்தைச் சொல்லாமல் வாங்கக் கூடாதென்று பூசையில் நன்மை அப்பம் வாங்க மாட்டார். "மூணு பாஸ்காத் திருநாள் போயிடுச்சு, என்னங்க சங்கதி?" என்று இன்னாசிமேரி கேட்டுப் பார்த்தாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். உள்ளூர்ச் சாமியாருக்கு அவர் குரல் தெரியும். அதனால் நாற்பத்தாறில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்தே போனார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருந்தவருக்கு, செய்த பாவத்தைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. மரச் சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

"அவன் பேரு தெரியுமா?"

"பழனிவேலு, சாமி."

"இந்தப் பேர யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இன்னிக்குத்தான் சாமி."

"ஆண்டவர் உன்ன மன்னிக்கிறாரு. அதுல சந்தேகப்படாத. ஆனா அவனப் பெத்தவ இருக்கா. அவகிட்டப் போயி சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்."

பிறகு லத்தீனில் மன்னிப்பு சொன்னார். அமிர்தசாமி பலகையில் தலையைச் சாய்த்து அழுதார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் தூங்கினார்.

மறு வாரம் மீன்சுருட்டிக்கு வண்டி ஓட்டினார். பழனிவேலின் தாய் பூங்காவனம் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் கேட்டது, மதியத்தில் நுகம் தூக்குவது, சாமியார் சொன்னது என்று அமிர்தசாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ராட்டை நின்றது.

"எத்தன தரம் கேட்டான்?"

"மூணு தரம்மா."

அவள் கையிலிருந்த நூலையே பார்த்தாள். "என்கிட்டயும் கேட்டான். பாயில சுருட்டறப்ப மூச்சு இருந்துச்சு தம்பி. எனக்குத் தெரியும். வூட்டுக்குள்ள அவன் புள்ளைங்க ரெண்டு. வச்சிருந்தா அதுங்களும் போயிரும்னு... நாந்தான் ஏத்திவிட்டேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க சாமியார் எனக்கும் மன்னிப்பு சொல்வாரா? நான் உங்க வேதக்காரி இல்லயே."

"சொல்வாரும்மா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"மொதல்ல எம்புள்ளகிட்டப் போவோம்" என்று, ஒரு சொம்புத் தண்ணீரோடு வண்டியில் ஏறினாள்.

முந்திரிக்காடு. வெயில் தலைக்கு நேரே வந்தது. நுகம் தூக்கியது. வண்டியை நிறுத்தினார். பூங்காவனம் இறங்கிப் பின்பக்கம் போனாள். திரும்பிப் பார்க்க நினைத்தார்... கழுத்து மறுத்தது. மடக், மடக் என்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெறும் சொம்போடு வந்தாள்.

"குடிச்சானாம்மா?"

"குடிச்சிட்டு எறங்கிப் போயிட்டான்."

நுகம் இன்னும் இறங்கவில்லை. அவர் முகத்தை அவள் பார்த்தாள். "மத்த நாலு பேரும் கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க தம்பி."

பக்கத்துக் கொல்லையில் ஒரு கிணறு. இறைத்து இறைத்துக் கொண்டுவந்தார். மூன்று சொம்பை அவள் கொடுத்தாள். நாலாவதை அவரிடமே நீட்டினாள். "கடைசில இருக்கறது பொம்பளப்புள்ள. நீயே குடு."

அமிர்தசாமி பின்னால் போனார். அவர் கண்ணுக்கு வைக்கோல் மட்டும்தான் தெரிந்தது. சொம்பை நீட்டியபடி நின்றார். கண்ணீர் வழிந்தது. சொம்பு மெல்ல மெல்லக் கனம் குறைந்தது... பிறகு சில்லென்று ஏதோ கன்னத்தில் பட்டது. முன்னால் நுகம் தணிகிற சத்தம்.

அடுத்த மாதமே பூங்காவனத்தை ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். சாமியார் அவள் தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தாராம். அடுத்த பாஸ்காவுக்கு அமிர்தசாமி நன்மை வாங்கினார். வண்டிக்கு அப்புறம் அந்தப் பாரம் வரவேயில்லை.

ஆனால் தண்ணீர் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம், வீட்டு வாசலில் அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, இன்னாசிமேரி விளக்கோடு கிட்ட வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கன்னத்துல என்னங்க, சுண்ணாம்பு? சின்னப்புள்ள கண்ணத் தொடச்சி விட்ட மாதிரி... அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு."