பழைய தண்ணீர்

விடிய இன்னும் அரை மணி இருக்கும். ஓடைக்குப் போகிற மண் பாதையில் அந்த நேரத்துக்கு ஒரு நாய்கூட வராது. என் தோழியின் அண்ணி மட்டும் போவாள். தோளில் பை... பைக்குள் காலி பாட்டில்.

“தனியாவா?” என்றாள், நான் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் இருந்தவள்.

தனியாகத்தான். அப்படித்தான் அண்ணியும் நினைத்தாள்.

அண்ணிக்குத் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. ஒரே ஓடை, ஒரே இடம், ஒரே நேரம், வாரம் ஒரு பாட்டில். வருடக்கணக்காக நடக்கிற வேலை அது. ஒரு காலத்தில் ஆலைப் புகை மழையோடு இறங்கி அந்த ஓடையையே அமிலமாக்கியிருந்தது. மீன் கிடையாது, பூச்சி கிடையாது. ஆலைகளை மூடிய பிறகு தண்ணீர் மெல்லத் தேறி வந்தது. அண்ணி எடுத்து வருவாள். தோழியின் அண்ணன் அதை அளப்பார்.

அண்ணிக்கு முன்னால் தண்ணீர் எடுத்தவள் நோயில் செத்துப்போயிருந்தாள். ஓடைக்காரி என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணன் அவளோடு வேலை பார்த்தவர். அவர்களைப் பற்றி யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அண்ணியைத் தின்றது. தப்பு இருந்தால் சண்டையாவது போடலாம்.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன், “அவ கொண்டு வந்த தண்ணி பேசும்” என்றார்.

“நான் கொண்டு வர்றது ஊமையா?”

அண்ணன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

“நானா இருந்தா அந்தப் பாட்டிலை அவர் மண்டையிலயே கவுத்திருப்பேன்” என்றாள், கதை கேட்டுக்கொண்டு போர்வைக்குள் இருந்தவள். யாரும் சிரிக்கவில்லை.

உயிரோடு இருப்பவள் என்றால் என்றாவது ஒருநாள் கத்துவாள், பிசகுவாள், கிழவியாவாள். செத்தவள் இனிமேல் எந்தத் தப்பும் செய்யப்போவதில்லை. அவளை எப்படி ஜெயிப்பது? அண்ணி பாட்டிலை இன்னும் ஒருமுறை கூடுதலாக அலசினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அன்றும் வழக்கம்போல் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். நம் கால் கலக்கிய தண்ணீர் பாட்டிலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி நிற்பார்கள். பாட்டிலை அமிழ்த்தினாள். களுக்... களுக்... நிறைந்தது. தண்ணீருக்குள் வைத்தே மூடினாள்.

களுக்... களுக்...

சத்தம் நிற்கவில்லை. அவளுக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கத்தில், இன்னொரு பாட்டில் நிறைந்துகொண்டிருந்தது. அங்கே ஆள் இல்லை. எரிந்த தீக்குச்சி வாசம் மட்டும் வந்தது. மணிக்கட்டைச் சுற்றித் தண்ணீர் சில்லென்று இறுகியது... பிறகு விட்டது.

ஆய்வகத்தில் அண்ணன் அளந்தார். கருவியைக் கழுவி மறுபடி அளந்தார். அமிலம். ஓடையிலேயே பொருத்தியிருந்த கருவியோ தண்ணீர் நன்றாக இருப்பதாகவே காட்டியது. பாட்டிலுக்குள் இருந்தது மட்டும் வேறு.

“இந்தத் தண்ணி இப்ப எங்கயும் ஓடலை” என்றார் அண்ணன், மிக மெதுவாக. “ஆலை ஓடின காலத்துத் தண்ணி. அவ எடுத்தது.”

மாதிரியைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டுவார் என அண்ணி காத்திருந்தாள். அவர் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரமும் இப்படியே கொண்டு வா” என்றார்.

அடுத்த வாரமும் அதே தண்ணீர்தான். அதற்கடுத்த வாரமும். அண்ணன் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார். பாட்டிலை வாங்குவார், அண்ணியின் முகத்தைப் பார்க்க மாட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அனுப்புகிறவள் ஓடைக்காரி. வாங்குகிறவர் இவர். நடுவில் தான் வெறும் சுமைகாரி. வாரா வாரம் இருட்டில் எழுந்து, தன் கையாலேயே தன் புருஷனுக்கு இன்னொருத்தியைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் அண்ணி போகவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் முகம் சுருங்கிப்போய் வேலைக்குக் கிளம்பினார். அவர் போனதும் அவள் வீட்டிலிருந்த காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக வெட்டிக் குப்பையில் போட்டாள். கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். நாள் முழுக்கத் திறக்கவே இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

சாயங்காலம் அண்ணன் கதவைத் தட்டினார். திறந்தாள். கல்யாணமான புதிதில் இருந்த முகத்தோடு நின்றார்.

“முடியலைன்னு சொல்லிட்டு, கடைசில நீயே லேபுக்குத் தண்ணி கொண்டு வந்துட்டியே” என்றார்.

அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம் உக்காந்து பேசிட்டிருந்தே... இன்னிக்குத்தான் நீ நீயா இருந்தே. எப்பவும் அப்படியே இரு.”

சொல்லிக்கொண்டே அவள் கையை ஆசையாக எடுத்தார். உடனே உதறினார்.

“என்ன இது... இப்படிச் சுடுது? லேப்ல பிடிச்சப்ப சில்லுன்னு இருந்துச்சே.”

அண்ணி தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எப்போதும் இருக்கிற சூடுதான்.