அறுவடைப் பாட்டில் அரைக் கட்டை

ஐயா, முதலில் பிளேன்ரீயைக் குடியுங்கள். ஆறிவிட்டால் வாயில் வைக்க முடியாது. நம் சபைக்குப் புதிதாக வந்த போதகர் வீடு தேடி வருவது பெரிய விஷயம். செல்லத்தம்பி மாஸ்டரின் தொண்டையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் எது என்று நீங்களே பாருங்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வரைக்கும் நம் கல்முனைக் கோயிலில் ஒரு குழப்பமும் இல்லை. நான் ஓர்கன் வாசிப்பேன், சபை பாடும். சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கோயிலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தையல்காரி சுபைறாதான் நனைந்த ஓர்கனைத் தன் விறாந்தையில் ஏற்றி வைத்துக் காப்பாற்றினாள். கால் மிதித்தால் காற்றடிக்கும் துருத்தி கிழிந்து கிடந்தது. அதைத் தைத்துத் தந்தவளும் அவள்தான். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த வருடம் முழுக்கச் சபை செல்லத்தம்பி மாஸ்டரின் குரலைப் பிடித்துக்கொண்டு பாடிப் பழகிவிட்டது.

நல்ல குரல். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஓர்கன் திரும்பி வந்த பிறகும் அவர் கடிவாளத்தை விடவில்லை. நான் முன்னிசையை முடிக்குமுன்பே பாடத் தொடங்குவார். ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் கரைவலை இழுப்பதுபோல் இழுப்பார். சபையும் அவர் பின்னால் போகும். நான் விரலைத் தூக்காமல், காலை மிதித்தபடி, அவர் இழுத்து முடிக்கும்வரை காத்திருப்பேன்.

பிறகு ஒருநாள் சபைக் கூட்டத்தில் எழும்பினார். "கிறேஸ் டீச்சருக்கும் வயசு போகுது. பாட்டுக்குக் குரல் போதும்தானே? ஓர்கனை ஓய்வுநாள் பள்ளிக்கூட அறையில வெப்பம்" என்றார். அறுவடைப் பண்டிகை முடிந்த பிறகு முடிவெடுப்பதாகப் பேச்சு. நான் கல்யாணம் முடிக்காதவள், ஐயா. அந்த ஓர்கன் முக்காலியை விட்டால் இந்த ஊரில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். அழுத பிறகு மனம் தெளிந்துவிட்டது.

பண்டிகைக்கு முந்தின வாரம் மாஸ்டரின் மனைவி எஸ்தர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"டீச்சர், ஒரு உதவி. இவருக்குத் தொண்டையில ஏதோ கட்டி மாதிரி இரிக்கி. உசத்திப் பாடினா குரலே போயிரும் எண்டு டொக்டர் சொல்லிட்டாரு. சொன்னாக் கேக்கிற மனுசனா இவரு? நீங்க கொஞ்சம் தாழ்த்தி வாசிச்சாப் போதும்."

"ஓம், அதுக்கென்ன" என்றேன். தங்கமான பெண். பழமும் நல்ல ருசி.

நம் அறுவடைப் பண்டிகையின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஆட்கள் விளைச்சலை வரிசையாகப் பீடத்துக்குக் கொண்டுவருவார்கள். கடைசிப் பூசணிக்காய் கீழே வைக்கப்படும்வரை பாட்டு நிற்கக் கூடாது. சரணங்கள் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். அந்த வாரம் நான் வீடு வீடாகப் போனேன். "இந்தமுறை வெள்ளாமை நல்லம்தானே, கை நிறையக் கொண்டுவாங்க" என்றேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கி வராமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தால் ஆண்டவருக்குப் பிரியம் என்றும் சொல்லி வைத்தேன். கேள்விப்பட்டுச் சுபைறாவும் ஒரு கூடை தேங்காய் அனுப்பினாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாள்.

எஸ்தரிடம் சொன்னபடி தாழ்த்தித்தான் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். இரண்டாம் சரணத்தில் சுருதியை அரைக் கட்டை ஏற்றினேன். அரைக் கட்டை ஒன்றுமேயில்லை, ஐயா. பழகாத காதுக்குத் தெரியவே தெரியாது. மூன்றாம் சரணத்தில் இன்னோர் அரைக் கட்டை. வாழைக்குலை வந்தது, நெல் வந்தது, மரவள்ளிக் கிழங்கு வந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். பிறகு பெண்களும் மூடினார்கள். மாஸ்டர் மட்டும் பாடினார். ஓர்கன் நிற்குமுன் அவர் நிறுத்தியதாகச் சரித்திரமே இல்லை. அதை நம்பித்தான் நான் இறங்கினேன்.

கழுத்து நரம்பு புடைத்தது. முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்தது. எஸ்தர் என்னைப் பார்த்துக் கையைக் கீழே கீழே காட்டினார். வாசிக்கும்போது நான் அக்கம்பக்கம் பார்ப்பதில்லை. சுபைறாவின் தேங்காய்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டேயிருந்தன. ஏதோ ஒரு தேங்காயில், "கர்த்தாவே" என்று மேலே ஏறும் இடத்தில், சீலை கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மாஸ்டரின் வாய் மட்டும் அசைந்தது.

நான் நிறுத்தவில்லை. இன்னும் பூசணிக்காய்கள் இருந்தன. வழக்கத்தை முறிக்க நான் யார்?

மறுநாள் சுபைறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், நேத்து உங்கட பெட்டி அந்தக் கத்துக் கத்திச்சி? நான் தைச்ச துருத்தி பிஞ்சிட்டோ எண்டு பயந்துட்டன்."

"துருத்திக்கு ஒண்டும் இல்ல, சுபைறா" என்றேன். அது முழு உண்மை.

இப்போது மாஸ்டர் சைகையால்தான் கதைக்கிறார். ஓர்கனை நகர்த்தும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பாட்டை நடத்த ஒன்று வேண்டுமே. அவருக்காக நான் தினமும் செபிக்கிறேன். என் மனதில் துளிப் பகை கிடையாது. பகை இருந்தால் முதல் சரணத்தையே உச்சத்தில் தொடங்கியிருப்பேன். அப்படித் தொடங்கியிருந்தால் அவர் பாடாமல் தப்பியிருப்பார் என்பது வேறு கதை.

அவருக்குக் குரல் கொஞ்சம் திரும்புகிறது, நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பாட்டுப் பாட ஆசைப்படுகிறார் என்கிறீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பாடட்டும், ஐயா. தாழ்த்தியே தொடங்குகிறேன். எத்தனை சரணம் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.