தலைமையாசிரியரின் டிரங்குப் பெட்டி

அன்று மாலை வீட்டில் நான்கு பேர் இருந்தோம். சமையலறையில் என் மனைவியும் மகளும், என் அறையில் நான், பிறகு வந்து சேர்ந்த மைத்துனன். காப்பி நன்றாக இருந்தது. மகள் சர்க்கரையை அளவாகப் போடுவாள்.

எனக்கு நெஞ்சில் சளி. இருமல் தொற்றும் என்று டாக்டர் சொன்னதால் தனியே படுத்திருந்தேன். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய படக்கதைப் புத்தகங்கள் என் டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகப் பள்ளியில் சொல்லியிருந்தேன். பொழுது போகாமல் ஒன்றை எடுத்தேன். முகமூடி போட்டுக்கொண்டு மாடிக்கு மாடி தாவி, அயோக்கியர்களின் பல்லை உடைக்கும் ஒருவனின் கதை. அதன் பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை.

அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் குடும்பத்துக்குக் கேடு. அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை. வில்லனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவான். அடுத்த புத்தகத்தில் அந்த வில்லன் சிரித்துக்கொண்டே திரும்பி வருவான்.

மைத்துனனுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. என்னிடம் படித்தவன்தான்.

“என்ன அத்தான், போர்வைக்குள்ள பறக்குற ஆளா?” என்றான்.

“கதவைச் சாத்து.”

“அட, இது என்னோட புத்தகம். இதுக்காக விரல் வீங்குற வரைக்கும் அடிச்சீங்களே. நாளைக்குப் பள்ளிக்கூட நூலகத்துக்கு உங்க பேரை வைக்கிறாங்க, என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்காங்க. இதை விட்டுட்டு வேற எதைப் பேசுவேன்?”

கெட்டவன் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சபை ஒரு முறை சிரித்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

விழாவுக்கான என் சட்டையைத் தேய்த்துவிட்டு, மனைவி இஸ்திரிப்பெட்டியை மேசை மேலேயே வைத்திருந்தாள். சூடாக இருந்ததா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். ஆறியிருந்தது. அவன் தன் புத்தகத்தைப் பார்க்கக் குனிந்தபோது பின்தலையில் அடித்தேன். படங்களில் அடி விழும் இடத்தில் நட்சத்திரம் போட்டு, சத்தத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். நிஜத்தில் சத்தம் குறைவு. “அக்கா” என்று கூப்பிட வாயைத் திறந்தான். அதனால் வாயில் அடித்தேன். அவன் முகம் முகமாக இல்லாமல் போகும் வரை நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் திரும்பி வந்துவிடுவான் அல்லவா.

புத்தகங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகே மனைவியைக் கூப்பிட்டேன். தம்பியைப் பார்த்து அலறினாள். அக்கம்பக்கத்தில் கேட்கும், மெதுவாக அழு என்றேன்.

நான் முகமூடி மாட்டிக்கொண்டு அடித்ததாக வெளியே பேசிக்கொள்கிறார்களாம். பொய். அது வெறும் துண்டு. என் இருமல் அவனுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று கட்டியிருந்தேன்.