வலைக்குக் குறுக்கே போகாதவன்

எனக்கு மீன் வாடை ஆகாது. குப்பத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவாமல் நான் சோற்றில் கை வைக்கிறதில்லை.

பெரியதனக்காரரே, அண்ணி உங்களிடம் முறையிட்ட விஷயத்துக்கு வருகிறேன். நோயாளிகளைப் படகில் ஏற்றிப்போய், பழவேற்காட்டுக் கோட்டைக்குள் இருக்கும் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் வைத்தியசாலையில் சேர்ப்பது என் வழக்கம். அங்கமுத்துவுக்கு மார்வலி கண்டபோது வியர்வை காய்வதற்குள் சேர்த்தேன். இன்றைக்கும் வலை இழுக்கிறான். சகாதேவனுக்கு வீட்டில் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு, நகம் நீலம் பாய்ந்த பிறகுதான் படகில் கிடத்தினார்கள். வெள்ளைக்கார வைத்தியர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். முன்னமே கொண்டுவந்திருக்கலாமே என்று துபாஷியை விட்டுச் சொல்லச் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

என் அண்ணன் ஆதிநாராயணனுக்கு விடிந்ததும் மார்வலி வந்தது. படகில் ஏறினதுமே வாந்தி எடுத்தான். கஞ்சியும் பித்தமுமாக என் காலில் வழிந்தது. சீ, அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. கூட வந்த அண்ணி கோவிந்தம்மா அதை முந்தானையால் துடைத்தாள்.

கோட்டைக்கு நேர்வழியில் வலை கட்டியிருந்தது. ஏரியில் அன்றைக்கு வலை கட்டும் பாடு எவன் முறையோ, அவன் வலைக்குக் குறுக்கே படகு போகக்கூடாது. போனால் இறால் கலைந்துவிடும். இது நம் ஊர்க்கட்டு. நான் கட்டை மீறுகிறவன் இல்லை. மணல்திட்டைச் சுற்றிப் போகப் படகைத் திருப்பினேன்.

"இன்னா தம்பி, சுத்திக்கினு போற? நேரா வுடுப்பா" என்று அண்ணி அழுதாள்.

"வலை இருக்குது அண்ணி. முறை தப்பக்கூடாது."

அண்ணன் கண்ணைத் திறந்தான். "டேய் நாகப்பா, அது நம்ம வலைடா. இன்னிக்கு என் பாடு. அறுத்துக்கினு போ."

ஆமாம், அவன் பாடுதான். முந்தின நாள் சாயங்காலம் அந்த வலையை அவனோடு நின்று கட்டியவனே நான். வலைக்காரன் சொன்னால் போகலாம் என்பதும் தெரியும். "பேசாத அண்ணா, மூச்சு வாங்கும்" என்று சொல்லிக் கழியை மெதுவாக ஊன்றினேன். ஆண்பிள்ளை இல்லாதவன் செத்தால் அவன் பாடு தம்பிக்கு வரும் என்பதும் நம் ஊர்க்கட்டுதானே.

திட்டைச் சுற்றி முடித்தபோது அவன் நகம் நீலம் பாய்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் வேகமாகத் தள்ளினேன். கோட்டை வாசலில் எல்லாரும் பார்க்க அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வைத்தியர் என்னவோ சொன்னார். இந்தத் தரம் எனக்குத் துபாஷி தேவைப்படவில்லை.

பிணத்தைக் கரை சேர்த்துவிட்டுப் போய் வலையை எடுத்தேன். விட்டால் அழுகிப்போகும். நல்ல இறால். அண்ணிக்கும் ஒரு கூடை கொடுத்தேன். அதை என் காலில் கொட்டிக் காறித் துப்பினாள். காலைக் கழுவிக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

தெரிந்தேதான் அவனைச் சாகவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவன் வலைக்கும் குறுக்கே நான் போனதில்லை. அதையும் ஊரில் சொல்லிவிடுங்கள்.